காற்றில் சுழலும் சலவை மோட்டார்

நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பைக்கல் நிறுவனம் 1991-ல் ஸ்மார்ட் டிரைவ் என்ற சலவை இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை வந்த இயந்திரங்களில் ஓர் ஓரத்தில் மோட்டார் வேகமாகச் சுற்றும். பெல்ட்டும் கியரும் அந்த வேகத்தைக் குறைத்துத் துணித் தொட்டிக்குக் கொடுக்கும். புதிய இயந்திரத்தில் பெல்ட்டும் இல்லை, கியரும் இல்லை. தொட்டியின் அடியில், அதே ஷாஃப்டில், தட்டு போன்ற அகலமான ஒரு மோட்டார் நேரடியாக உட்கார்ந்திருந்தது. நின்று நிதானமாக முன்னும் பின்னும் புரட்டி அலசுவதற்கென்றே செய்யப்பட்ட மோட்டார் அது. மெதுவாகச் சுற்றும்போதும் நல்ல இழுவை தரும்.

துணி துவைக்க வடிவமைத்த இந்த மோட்டார், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கிராமத்து வீடுகளின் கம்பத்து உச்சியில் ஏறிக்கொண்டது. இயந்திரத்தின் எலக்ட்ரானிக் பலகை போகும், பம்பு போகும், தொட்டி விரிசல் விடும். மோட்டார் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் தேய்ந்துபோக அதில் கார்பன் பிரஷ் கிடையாது. கழித்துப் போட்ட இயந்திரத்திலிருந்து மோட்டாரைக் கழற்றி, மூன்று இறக்கைகளை மாட்டி, காற்றில் நிறுத்தினால் பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று கண்டுகொண்டவர்கள் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் ‘சிலிக்கான் சிப்’ என்ற மின்னணு இதழ் 2004-ல் இதற்கான செய்முறையையே வெளியிட்டது. நியூசிலாந்தின் ஈகோ இன்னோவேஷன் நிறுவனம் அதே மோட்டாரை வைத்து ஓடை நீரில் ஓடும் சிறு டர்பைன்களைச் செய்து விற்றது.

நம் ஊரில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய காலம் போய்விட்டாலும், பழுதான இயந்திரம் எடைக்குப் போகும் வழக்கம் போகவில்லை. தராசில் ஏறும்போது மோட்டார் வெறும் செம்பும் இரும்பும்தான். அதற்குள் இருக்கும் காந்த வட்டமும், இழை பிசகாமல் சுற்றிய காயிலும் அந்த விலையில் சேர்வதில்லை. உருக்குவதற்கு முன்னால் அதை ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் உள்ள உறவு பழையது. 1873-ல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியில் கிராம் என்ற பெல்ஜியக்காரர் உருவாக்கிய டைனமோக்கள் வைக்கப்பட்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்த ஒரு டைனமோவின் மின்சாரத்தை இன்னொரு டைனமோவுக்குக் கொடுத்தபோது அது தானே சுழல ஆரம்பித்தது. சுழற்றினால் மின்சாரம் தரும் இயந்திரம், மின்சாரம் கொடுத்தால் சுழன்றது. காந்தத்துக்கு அருகே காயில் அசைந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் ஓடும் ஒவ்வொரு மோட்டாரும் ஜெனரேட்டராகலாம் என்று தோன்றும். கொள்கை அளவில் அது சரி. கம்பத்தில் ஏற்றிப் பார்க்கும்போதுதான் பெரும்பாலான மோட்டார்கள் கைவிடுகின்றன.

மிக்சி மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதில் நிலையான காந்தம் கிடையாது. மின்சாரம் பாயும்போது மட்டும் காயில்களே காந்தமாகின்றன. அதுவும் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடினால்தான் அதற்கு வேலை. வெறுமனே கையால் சுற்றினால் எதுவும் வராது. தண்ணீர் பம்பு மோட்டாரும் பழைய வகை சீலிங் ஃபேனும் இண்டக்‌ஷன் வகை. அவற்றின் சுழலும் பாகமான ரோட்டரில் அலுமினியக் கம்பிகள் இருக்கும், காந்தம் இருக்காது. கெப்பாசிட்டர் கட்டி, மோட்டாரின் இயல்பான வேகத்துக்கும் மேலாகச் சுற்றினால் மின்சாரம் எடுக்கலாம். சாதாரண நான்கு துருவ பம்பு மோட்டாருக்கு அது நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல், அதிலும் சுமை கூடினால் மின்னழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். சீலிங் ஃபேனைக் கையால் சுற்றிப் பெரிய பல்பை எரியவிடுவதுபோல் காட்டும் காணொளிகளை நம்பிக் காசைச் செலவழிக்கக் கூடாது. கார் ஆல்டர்னேட்டருக்கும் வேகம் வேண்டும், போதாததற்குத் தன் காயிலைக் காந்தமாக்கிக்கொள்ள அது பேட்டரியிலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னும். காரின் வைப்பர் மோட்டாரில் காந்தம் உண்டு, ஆனால் அதன் திருகுப் பல் கியரை வெளியிலிருந்து சுற்ற முடியாது.

ஆக, நிலையான காந்தம் வேண்டும். அதைவிட முக்கியமாக, மெதுவாகச் சுற்றும்போதே போதிய வோல்ட் தர வேண்டும்.

எவ்வளவு மெதுவாக? 2 மீட்டர் விட்டமுள்ள மூன்று இறக்கை விசிறி ஒன்று. நன்றாகச் செதுக்கிய இறக்கையின் நுனி, காற்றின் வேகத்தைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் ஓடும். நொடிக்கு 5 மீட்டர் காற்றில் நுனியின் வேகம் நொடிக்கு 30 மீட்டர், சுற்று எண்ணிக்கை நிமிடத்துக்கு ஏறத்தாழ 290. அந்தச் சுற்றிலேயே 12 வோல்ட் பேட்டரியைத் தாண்டிய மின்னழுத்தம் கிடைக்க வேண்டும். நடைப்பயிற்சி இயந்திரமான டிரெட்மில்லின் மோட்டார் நல்ல காந்த மோட்டார்தான், பலர் ஆசையோடு கழற்றுவதும் அதைத்தான். ஆனால் 130 வோல்ட்டில் நிமிடத்துக்கு 6,500 சுற்று ஓடும்படி செய்த மோட்டாரை 290 சுற்றில் சுழற்றினால் 6 வோல்ட்டைக்கூட எட்டாது. பேட்டரியின் பக்கம் ஒரு துளி மின்சாரமும் நகராது. இறக்கையைச் சிறியதாக்கினால் வேகம் கூடும், ஆனால் பிடிக்கும் காற்று குறைந்துவிடும். கியரோ பெல்ட்டோ போடலாம். உராய்வில் கொஞ்சம் போகும்.

ஸ்மார்ட் டிரைவ் மோட்டார் வெற்றி பெற்ற இடம் இதுதான். அதன் சுழலாத பாகமான ஸ்டேட்டரைக் கையில் எடுத்தால், வட்டமாக 42 இரும்பு விரல்கள் வெளிப்புறம் நீண்டிருக்கும், ஒவ்வொன்றிலும் காயில். அவற்றைச் சுற்றி மூடிபோல் கவியும் ரோட்டரின் உள்விளிம்பில் 56 காந்தத் துருவங்கள், வடக்கும் தெற்கும் மாறி மாறி. ஒரு முழுச் சுற்றுக்கு 28 முறை மின்னோட்டம் திசை மாறி மீளும். நிமிடத்துக்கு 300 சுற்று மட்டுமே சுழன்றாலும் நொடிக்கு 140 அலை. காந்தமும் காயிலும் அத்தனை முறை ஒன்றையொன்று கடப்பதால், மெதுவான சுழற்சியிலேயே மின்னழுத்தம் ஏறிவிடுகிறது.

சொல்லப்போனால் அளவுக்கு மீறியே ஏறிவிடுகிறது. மூன்று பேஸ்களில் ஒவ்வொன்றிலும் 14 காயில்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், காற்று வலுக்கும்போது நூற்றுக்கணக்கான வோல்ட் வரும், ஆம்பியர் மிகக் குறைவாக இருக்கும். 12 வோல்ட் பேட்டரி வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. இங்கேதான் கைவேலை. காயில்களுக்கு இடையே ஓடும் இணைப்புக் கம்பிகளை வெட்டி, பதினான்கையும் ஏழேழாக இரண்டு குழுக்களாக்கி, குழுக்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் வோல்ட் பாதியாகும், ஆம்பியர் இரட்டிக்கும். இரண்டிரண்டாக ஏழு குழுக்கள் ஆக்கினால் வோல்ட் ஏழில் ஒன்றாகும். எனாமல் பூச்சைச் சுரண்டி, கம்பியை முறுக்கி, பற்றுவைத்து, மேலே ஸ்லீவ் மாட்டினால் போதும். புதிதாக ஒரு சுற்றுகூடச் சுற்றாமல், தன் பேட்டரிக்கும் தன் ஊர்க் காற்றுக்கும் ஏற்றபடி ஒரே மோட்டாரை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த மோட்டாரைக் கையால் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகாது. திக்கித் திக்கி நகரும். இரும்பு விரல்களைக் காந்தம் பிடித்துப் பிடித்து விடுவதால் வரும் இந்த இழுப்பு, இளங்காற்றில் விசிறியைப் புறப்படவே விடாது. அதற்கு வைத்தியம் அரம். ஒவ்வொரு விரல் நுனியின் ஓரங்களையும் கொஞ்சம் சாய்வாக உருட்டித் தேய்த்தால், காந்தம் சட்டென்று பிடிக்காமல் படிப்படியாகப் பிடிக்கும். 42 விரல்களையும் ஒரே அளவில் தேய்க்க வேண்டும், காயிலின் எனாமலில் அரம் பட்டுவிடக் கூடாது, தேய்த்த இடம் துருப்பிடிக்காமல் வார்னிஷ் பூச வேண்டும். அவசரக்காரருக்கு ஒத்துவராத வேலை. முடித்தபின் ரோட்டரை விரலால் தட்டினாலே அது இழுபடாமல் சுற்றும்.

மோட்டாரோடு ஷாஃப்ட், பேரிங், அவற்றைத் தாங்கும் கூடு எல்லாமே சலவைத் தொட்டியிலிருந்து கிடைப்பதால், லேத்துக்குப் போகும் செலவும் குறைகிறது. தொட்டியின் அடிப்பாகத்தை வட்டமாக அறுத்தெடுத்து, முன்பு துணியைப் புரட்டிய முனையில் இறக்கைகளை மாட்டினார்கள்.

இத்தனை வசதியும் இல்லாத இடத்தில், 2002-ல், 14 வயதுப் பையன் ஒருவன் இதே வேகச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தான். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் முந்தைய பருவம் பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியை விட்டவன் வில்லியம் கம்குவாம்பா. விம்பே ஊரின் சிறிய நூலகத்தில் ஆற்றல் பற்றிய ஒரு பாடப் புத்தகத்தின் அட்டையில் காற்றாலைகளைப் பார்த்தான். பழைய இரும்புக் கிடங்கில் டிராக்டரின் விசிறி கிடைத்தது. வண்டியின் ஷாக் அப்சார்பர் ஷாஃப்ட் ஆனது. பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் கீறி, நெருப்பில் வாட்டித் தட்டையாக்கி இறக்கைகளை நீட்டினான். மின்சாரத்துக்கு சைக்கிள் டைனமோ. அதை வாங்கக் காசு கொடுத்தவன் நண்பன் கில்பர்ட்.

சைக்கிள் டைனமோவின் தலை கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும். அது வெளிச்சம் தர வேகமாகச் சுற்ற வேண்டும். வில்லியம் ஒரு முழு சைக்கிள் சட்டத்தையே கோபுரத்தில் ஏற்றினான். விசிறி பெடல் பல்சக்கரத்தைச் சுற்றும், செயின் பின்சக்கரத்தைச் சுற்றும், சக்கரத்தின் டயர் டைனமோவின் தலையை உரசும். பெரிய பல்சக்கரத்திலிருந்து சிறியதற்கும், பெரிய டயரிலிருந்து சிறு உருளைக்கும் தாவும்போது இரண்டு முறை வேகம் பெருகிவிடுகிறது. யூகலிப்டஸ் கழிகளால் கட்டிய கோபுரத்தின் கீழே ஊர் கூடி நின்று பார்க்க, பல்பு எரிந்தது. பிறகு கார் பேட்டரியும் வந்தது. வீட்டுக் கம்பிகள் உரசித் தீப்பிடிக்கும் ஆபத்தை உணர்ந்ததும், இரண்டு ஆணிகளில் செம்புக் கம்பி சுற்றி நடுவே காந்தம் வைத்துத் தானே ஒரு சர்க்யூட் பிரேக்கரும் செய்தான். பின்னாளில் அவர் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் படித்து 2014-ல் பட்டம் பெற்றார். அவர் கதை 2019-ல் திரைப்படமாகவும் வந்தது. அந்தப் படம் பார்த்தவர்கள் பையனின் மன உறுதியை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த பிரேக்கரும் அதே அளவு நினைவில் இருக்க வேண்டியது. மின்சாரம் வந்த மகிழ்ச்சியிலும் அது செய்யக்கூடிய கேட்டை யோசித்த மனம் அதில் தெரிகிறது.

பழைய வண்டிப் பாகங்களைக் காற்றில் நிறுத்துவது அதற்கும் முந்தைய கதை. 1920-களில் அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில், மின்கம்பி எட்டாத பண்ணையில் வளர்ந்த மார்செலஸ் ஜேக்கப்ஸும் அவருடைய சகோதரர் ஜோவும், தண்ணீர் இறைக்கும் பல இறக்கைக் காற்றாடியோடு ஃபோர்டு மாடல் டி காரின் பின் அச்சை இணைத்துத்தான் சோதனையைத் தொடங்கினார்கள். பல இறக்கை விசிறிக்கு இழுவை உண்டு, வேகம் இல்லை என்று கண்டு, விமான உந்துவிசிறி போன்ற மெல்லிய இறக்கைகளுக்கு மாறினார்கள். அவர்கள் முடிவில் மூன்று இறக்கையோடு நின்றார்கள். இன்றைய பெரிய காற்றாலைகளிலும் அதே எண்ணிக்கைதான்.

கழிவுப் பாகங்களில் தொடங்கிய இன்னொருவரின் இடம், ஸ்காட்லாந்தின் வடமேற்கில் ஸ்கொரைக் என்ற தீபகற்பம். சாலை கிடையாது, படகில் போக வேண்டும் அல்லது நடக்க வேண்டும். அங்கே குடியேறிய ஹியூ பிகாட் 1970-களில் கழித்துப் போட்ட டைனமோக்களில் ஆரம்பித்து, பிறகு வேனின் பிரேக் டிரம்முக்குள் காந்தங்களை ஒட்டி மெதுவாகச் சுற்றும் ஜெனரேட்டரை உருவாக்கினார். அடுத்த கட்டமாக, இரண்டு இரும்புத் தட்டுகளில் நியோடிமியம் காந்தங்களை ஒட்டி, நடுவே பிசினில் வார்த்த காயில் தட்டை வைத்தார். இரும்பு விரலே இல்லாததால் திக்கல் இல்லை. சுழல்வதற்கு வண்டிச் சக்கரத்தின் ஹப் பேரிங். அவருடைய செய்முறை நூலைப் பார்த்துப் பல நாடுகளில் செய்கிறார்கள். ஆரோவில்லில் இயங்கிய மின்வாயு குழுவும் அந்த வகைச் சிறு காற்றாலைகளைச் செய்து நிறுவியது.

இனி, எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? ஆசையை அளந்து வைக்க வேண்டிய இடம் இது. அதே 2 மீட்டர் விசிறிக்கு, நொடிக்கு 3 மீட்டர் காற்றில் காற்றோட்டத்தில் இருக்கும் மொத்த ஆற்றலே சுமார் 50 வாட். 6 மீட்டர் காற்றில் அது 400 வாட், 10 மீட்டரில் 1,900 வாட்டை நெருங்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த விசிறியாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் காட்டிவிட்டார். வீட்டில் செய்த இயந்திரத்துக்குக் கால் பங்கு கிடைத்தால் நல்ல கைவேலை. அப்படியானால் மென்காற்றில் 12 வாட், நல்ல காற்றில் 100 வாட், பலமான காற்றில் 470 வாட்.

அதனால்தான் மோட்டாரைத் தேடி அலைவதில் பாதி நேரத்தையாவது கம்பத்துக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக் கூரையிலும் மரத்துக்குப் பக்கத்திலும் காற்று வேகம் இழந்து சுழித்துச் சுழித்து வரும். பிரிட்டனில் கட்டடங்களின்மேல் வைத்த 26 சிறு காற்றாலைகளை 2007-08-ல் அளந்து பார்த்தார்கள். ஒன்றுக்குச் சராசரியாக நாளைக்கு 214 வாட்-மணி கிடைத்தது, ஒரு யூனிட்டில் கால்வாசிக்கும் குறைவு. அவை தொழிற்சாலையில் செய்த இயந்திரங்கள். பெரிய குறை அவை நின்ற இடத்தில்.

பலமான காற்று ஆசீர்வாதமும் ஆபத்தும். அரைக் கிலோ எடையுள்ள இறக்கை, 300 சுற்றில் தன் ஆணியை ஏறத்தாழ 20 கிலோ பாரத்தோடு இழுக்கும். 900 சுற்றில் அது 180 கிலோ. பி.வி.சி. இறக்கை வெயிலில் காய்ந்து வெளிறியிருந்தால் அந்த இழுப்பில் பிய்த்துக்கொண்டு பறக்கும். அதனால் விசிறியை மையத்திலிருந்து சற்றுத் தள்ளி மாட்டி, வாலைக் கீலில் தொங்கவிடுவார்கள். புயல் காற்று வந்தால் விசிறி தானே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சூரியப் பலகை வைத்துப் பழகியவர்கள் தவறுவது இன்னோர் இடத்தில். பேட்டரி நிரம்பியதும் பலகையின் இணைப்பை கன்ட்ரோலர் துண்டித்துவிடும், ஒன்றும் ஆகாது. காற்றாலையின் இணைப்பைத் துண்டித்தால், சுமை நீங்கிய விசிறி கட்டறுத்துக்கொண்டு ஓடும். மூன்று பேஸ் மின்சாரம் ரெக்டிஃபையர் வழியாக டி.சி. ஆகி பேட்டரிக்குப் போகும். பேட்டரி நிரம்பியதும் மிச்சத்தை ஒரு ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிட வேண்டும். தண்ணீர் சுடும், விசிறி கட்டுக்குள் இருக்கும். கம்பத்தில் ஏறும் முன் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்க்கும் பிரேக் சுவிட்ச் ஒன்றும் கட்டாயம். இவை இல்லாமல் கம்பத்தை நிமிர்த்தக் கூடாது.

டிசம்பரில் ஆறரை மணி நேரமே பகல் இருக்கும் ஸ்கொரைக்கில் காற்று இல்லாமல் குளிர்காலத்தைக் கடத்த முடியாது. நம் ஊர் மொட்டை மாடிக்குச் சூரியப் பலகைதான் மலிவு, தொல்லையும் குறைவு. ஆனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாய் வாயில்களில் மே முதல் செப்டம்பர்வரை வீசும் தென்மேற்குக் காற்று இரவிலும் அடங்குவதில்லை. மேகம் மூடிய அந்த மாதங்களில் தோட்டத்து வீட்டின் சில விளக்குகளுக்கும் கைபேசிக்கும் ஒரு சிறு காற்றாலை பலகையோடு சேர்ந்து உழைக்க முடியும்.

அதற்கான மோட்டார் இப்போது நம் காயலான் கடைகளுக்கும் வர ஆரம்பித்திருக்கிறது. பெல்ட் இல்லாத டைரக்ட் டிரைவ் சலவை இயந்திரங்கள் இங்கும் விற்கின்றன. மின் ஸ்கூட்டர்கள் பலவற்றின் பின்சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார் இன்னும் பொருத்தம்: நிலையான காந்தம், நிறையத் துருவங்கள், மெதுவான சுழற்சி, மழைக்கு மூடிய கூடு, வலுவான பேரிங். பேட்டரி கெட்டு ஓரம் கட்டிய வண்டிகளில் இந்த மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோவையிலும் மதுரையிலும் தெருவுக்குத் தெரு இருக்கும் ரீவைண்டிங் கடைக்காரருக்கு மூன்று பேஸ் காயிலை மாற்றிக் கட்டுவது அன்றாட வேலை. கடையில் மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது தடித்த மூன்று கம்பிகளின் முனைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். முரண்டு பிடித்தால் காந்தமும் காயிலும் உயிரோடு இருக்கின்றன. பிறகு முனைகளைப் பிரித்து, இரண்டில் மல்ட்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து, நொடிக்கு ஒரு சுற்று வீதம் சுற்றிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 290 சுற்று என்பது நொடிக்கு ஏறத்தாழ ஐந்து சுற்று. மீட்டர் காட்டும் எண்ணை ஐந்தால் பெருக்கினால், ஓரளவு நல்ல காற்றில் அந்த மோட்டார் எந்த பேட்டரியை எட்டும் என்று விலை பேசும் முன்பே தெரிந்துவிடும்.